எட்டாவது பிட்: மாமாவின் கண்மாய்க் குறிப்புகளும் சில எழுத்து விதிகளும்

மேலூர்ப் பக்கம் தலைமையாசிரியராக இருந்து ஓய்வுபெற்ற என் தாய்மாமா ஒரே ஒரு வேலையைப் பல வருஷம் விடாமல் செய்தார். மதுரைக்குக் கிழக்கேயும் வடக்கேயும் உள்ள கண்மாய்களுக்கு சைக்கிளில் போவார். எத்தனை மடை, எத்தனை கலுங்கு, மறுகால் எந்தக் கண்மாய்க்குப் போகிறது, ஒவ்வொரு மடைக்கும் ஊர்க்காரங்க சொல்லும் பெயர் என்ன என்று நோட்டில் எழுதிக்கொள்வார். மடை பெயர்கள் எந்த அரசாங்கக் கணக்கிலும் முழுசாக இருக்காது. அது தண்ணி திறந்துவிடுகிற ஆளின் வாயில் இருக்கும். அந்த ஆள் போனால் பெயரும் போகும். மேலூர்ப் பக்கம் கிரானைட் குவாரிகள் பெருகிய பிறகு சில இடங்களில் கண்மாயே போய்விட்டது. அது வேறு கதை.

2001, 2002 வாக்கில் மாமா பிரவுசிங் சென்டருக்குப் போய்த் தமிழில் தட்டச்சு செய்யக் கற்றுக்கொண்டு, இந்தக் குறிப்புகளை எனக்கு ஈமெயிலில் அனுப்ப ஆரம்பித்தார். நான் அப்போ பெங்களூரில். திறந்தால் கோழி கிண்டின மாதிரி இருந்தது. எழுத்துரு இல்லை போல என்று நினைத்து, "படிக்கிறேன் மாமா" என்று பதில் போட்டு ஒரு ஃபோல்டரில் தள்ளிவிட்டேன். படிக்கவில்லை. அவர் போன பிறகு நோட்டுகளைத் தேடினோம், கரையான் முந்திக்கொண்டது. ஃபிளாப்பிகள் எதுவும் திறக்கவில்லை. மிஞ்சியது அந்த மெயில்கள் மட்டும்.

இந்தக் கட்டுரை அவற்றை எப்படிப் படித்தேன் என்பது பற்றி. கூடவே, அந்த வேலை என்னை எங்கெங்கே இழுத்துக்கொண்டு போனது என்பதும். மாங்குளம் மலை வரை போக வேண்டியிருக்கும் என்று ஆரம்பத்தில் நினைக்கவே இல்லை.

மாமா பயன்படுத்தியது திஸ்கி என்று தெரியும், அந்தக் காலத்தில் இணையத்தில் தமிழ் எழுதியவர்களில் ரொம்பப் பேர் அதில்தான் எழுதினார்கள். சிங்கப்பூரில் 1997-இல் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி, வெளிநாடுகளிலும் இங்கேயும் இருந்த தமிழர்கள் ஈமெயிலிலேயே விவாதித்து உருவாக்கிய குறியேற்றம் அது. எங்கள் ஊர்ப் பெயரைத் தாங்கிய மதுரைத் திட்டம், 1998 பொங்கலன்று தொடங்கிய மின்னூல் முயற்சி, பிறகு திஸ்கிக்குத்தான் மாறியது. தமிழ்நாடு அரசு 1999 மாநாட்டில் டாம், டாப் என்று இரண்டு குறியேற்றங்களைத் தரமாக அறிவித்தது. ஆக, ஒரே மொழிக்கு மூன்று நான்கு ரகசிய மொழிகள். யூனிகோட் பரவிய பிறகுதான் இந்தக் குழப்பம் அடங்கியது.

திஸ்கியின் அமைப்பு எளிது. ஒரு பைட்டில் 256 இடம். முதல் 128 ஆங்கிலத்துக்கு. மீதி 128-இல் தமிழை அடைத்தாக வேண்டும். 247 எழுத்தும் அடங்காது என்பதால் எழுத்தின் துண்டுகளை வைத்தார்கள். கால், கொம்பு, கொக்கி தனித்தனியாக. உயிர்கள் 171-இல் தொடங்கும். க 184, ங 185, ச 186 என்று ன 201 வரை. உகர வரிசைக்குத் துண்டு போட முடியாது, ஒவ்வொரு எழுத்துக்கும் வடிவம் வேறு. அதனால் கு 204, சு 205 என்று தனி இடம். புள்ளி வைத்த மெய்கள் க் 236 முதல் ன் 253 வரை. இகரத்துக்கு வந்த கஷ்டம் ஒன்றைச் சொல்ல வேண்டும். வரிசைப்படி அது 173-இல் உட்கார வேண்டும். ஆனால் பல மென்பொருள்கள் 173-ஐ வரி ஓரத்தில் மட்டும் தெரியும் இணைப்புக்கோடாக எடுத்துக்கொண்டு எழுத்தை விழுங்கின. அதனால் 'இ' கடைசிக்கு, 254-க்குக் குடிபோனது. இட ஒதுக்கீட்டில் எல்லாம் இப்படித்தான்.

நல்ல நிலையில் இருக்கும் திஸ்கி கோப்பை எழுத்துரு இல்லாமல் திறந்தால், ஐரோப்பிய மொழிகளின் தலைப்பாகை வைத்த எழுத்துகளாகத் தெரியும். பழைய மடற்குழு ஆட்களுக்கு அந்தக் காட்சி மனப்பாடம். மாமாவின் மெயிலில் அப்படி ஒன்றுகூட இல்லை. வெறும் ஆங்கில எழுத்து, எண், அடைப்புக்குறி, காற்புள்ளி. அதுதான் முதலில் உறுத்தியது. மாற்றித்தரும் கருவிகள் எல்லாம் கையை விரித்துவிட்டன. அவை 128-க்கு மேலே தேடுகின்றன, இங்கே மேலே எதுவுமே இல்லை.

இங்கே ஏபிஎல் வருகிறது. கென்னத் ஐவர்சன் என்ற கனடாக்காரர் ஹார்வர்டில் பாடம் நடத்துவதற்காக உருவாக்கிய கணிதக் குறியீடு அது. 1962-இல் புத்தகமாக வந்தது. பிறகு ஐபிஎம்மில் அதே குறியீட்டைக் கொண்டு சிஸ்டம் 360 என்ற கணினியின் அமைப்பை முழுசாக விவரித்து 1964-இல் வெளியிட்டார்கள். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட் என்பதை உலகத்துக்குப் பழக்கியது அந்தக் கணினிதான். அப்புறம்தான் ஏபிஎல் ஓடக்கூடிய கணினி மொழி ஆனது. அதில் எதுவும் ஒற்றை எண் இல்லை. எல்லாம் அணி. ஒரு வரிசை, ஒரு கட்டம், கட்டங்களின் அடுக்கு. ஒரு குறி போட்டால் மொத்தக் கட்டத்துக்கும் ஒரே நேரத்தில் வேலை நடக்கும். என் பழைய வேலையில் இதைப் பழகியிருந்தேன். இப்போது யாரும் சம்பளம் தருவதில்லை, ஆசைக்கு வைத்திருக்கிறேன்.

மற்ற மொழிகளில் இரண்டு எண்களை பிட் வாரியாக ஒப்பிட ஒரு குறி போதும். ஏபிஎல்லில் முழு எண்ணுக்கு அப்படி நேரடிக் குறி கிடையாது. எண்ணைப் பிட்டுகளாகப் பிரிக்க ஒரு குறி, பிட்டுகளைச் சேர்த்து எண்ணாக்க ஒரு குறி. நடுவில் நமக்குக் கிடைப்பது பூஜ்யமும் ஒன்றும் மட்டுமே உள்ள ஒரு கட்டம். அதில் 'இரண்டும்', 'ஏதாவது ஒன்று' போன்ற தருக்கக் குறிகளைப் போடலாம். முதலில் இது குறையாகத்தான் தெரியும். ஐவர்சன் பின்னாளில் ரோஜர் ஹுய் என்பவருடன் செய்த ஜே மொழியில் இதற்கு நேரடி வழி வந்தது. அங்கே 17 என்றால் 'இரண்டும்', 22 என்றால் 'ஒன்று மட்டும்', 23 என்றால் 'ஏதாவது ஒன்று'. அந்த எண்கள் ஏனோதானோ என்று வைத்ததல்ல. 'இரண்டும்' என்பதன் விடைகளை வரிசையாக எழுதினால் 0, 0, 0, 1. அதை இரும எண்ணாகப் படித்தால் 1. 'ஒன்று மட்டும்' என்பது 0, 1, 1, 0, அதாவது 6. 'ஏதாவது ஒன்று' 0, 1, 1, 1, அதாவது 7. எல்லாவற்றோடும் 16 கூட்டினால் ஜேயின் எண். தெரிந்துகொண்ட அன்றைக்கு ரொம்ப சந்தோஷமாக இருந்தது.

நான் டயலாக் ஏபிஎல்லில் சின்னக் கருவி ஒன்று எழுதினேன். பத்துப் பதினைந்து வரி இருக்கும். மாமாவின் மெயில் ஒன்றை எட்டு வரிசை, எழுத்துக்கு ஒரு நெடுவரிசை என்ற கட்டமாக்கித் திரையில் கொட்டினேன். கீழே ஏழு வரிசையும் பூஜ்யமும் ஒன்றுமாகக் கலந்து கிடந்தன. மேல் வரிசை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பூஜ்யம். ஒன்றுகூட இல்லை.

முழு எண்ணுக்கு நேரடிக் குறி இருந்திருந்தால் இதைப் பார்த்திருக்க மாட்டேன் என்று நினைக்கிறேன்.

நடந்தது இதுதான். ஆஸ்கி எனப்படும் ஆங்கிலக் குறியேற்றம் 1963-இல் ஏழு பிட்டோடு பிறந்தது. 1982-இல் ஜான் போஸ்டல் எழுதிய அஞ்சல் நெறிமுறையும் ஏழு பிட்டையே எதிர்பார்த்தது. எட்டாவது பிட்டைப் பூஜ்யமாக்கிவிட்டு அனுப்பும் பழக்கம் சில சர்வர்களுக்கு இருந்தது. அவற்றைப் பொறுத்தவரை அதில் ஒன்றும் இல்லை. 1992-இல் மைம் முறை வந்து, எட்டு பிட் சரக்கை ஏழு பிட் மூட்டையில் கட்டி அனுப்ப வழி செய்தது. மாமா உட்கார்ந்த சென்டரிலிருந்து என் பெட்டி வரை வழியில் எங்கோ ஒரு பழைய சர்வர், மூட்டை கட்டாமல் வந்த தமிழின் மேல் பிட்டைச் சீவிவிட்டிருக்கிறது. ம என்பது 193, மேல் பிட் போனால் 65, அது ஆங்கில 'ஏ'. மதுரை என்று எழுதினால் 193, 208, 168, 195. (ரை எழுதும்போது இணைக்கொம்பு முன்னால் வரும், கண்ணுக்குத் தெரிகிற வரிசையில்தான் திஸ்கி சேமிக்கும்.) சீவிய பிறகு 65, 80, 40, 67. அதாவது ஏ, பி, ஓர் அடைப்புக்குறி, சி. எங்க ஊர் இருபது வருஷம் என் ஃபோல்டரில் அப்படித்தான் கிடந்தது.

சரி, மேல் வரிசையில் எல்லா இடத்திலும் 1 போட்டுவிட்டால் ஆச்சா? போட்டேன். தமிழ் வந்தது. என் கை நடுங்கியது உண்மை. "பெரிய மடை", "புளியடி மடை", "நடு மடை", "கலுங்கு" எல்லாம் வந்தன. கூடவே குப்பையும் வந்தது. இடைவெளியும் வரிமுடிவும்கூட 128 ஏறிப்போனது சின்ன விஷயம், திருத்திவிடலாம். பெரிய சிக்கல் எண்கள். ஆங்கில எண்கள் 48 முதல் 57 வரை. 128 கூட்டினால் 176 முதல் 185. அதாவது பூஜ்யம் 'ஊ' ஆகிறது, 1 'எ', 2 'ஏ', 3 'ஐ', 8 'க', 9 'ங'. காற்புள்ளி 'ஆ' ஆகிறது, முற்றுப்புள்ளி 'ஈ', சாய்கோடு 'உ'. மாமாவின் குறிப்பு முழுக்க சர்வே எண்கள். 128/3 என்று அவர் எழுதியது "எஏகஉஐ" என்று வந்து நின்றது. (பழைய தமிழ் எண்ணில் 'க' மாதிரி இருப்பது 1, 'அ' மாதிரி இருப்பது 8. இங்கே 'க'தான் 8. மாமா இருந்தால் இதுக்கே ஒரு மணி நேரம் பேசியிருப்பார்.)

ஆக, எந்த நெடுவரிசையில் 1 போட வேண்டும், எதில் போடக்கூடாது என்று முடிவு செய்ய வேண்டும். பிட் போய்விட்டது, அது திரும்ப வராது. வேறு எங்கிருந்தாவது தகவல் வேண்டும்.

இலக்கணத்திலிருந்து வந்தது. சொல்லுக்கு முதலில் எந்தெந்த எழுத்து வரும், கடைசியில் எது வரும் என்பதைத் தொல்காப்பியம் மொழிமரபில் விரிவாகப் பேசுகிறது. உயிரெழுத்து சொல்லின் முதலில் வரும். நடுவில் அது மெய்யோடு சேர்ந்து உயிர்மெய்யாகிவிடும், அளபெடை தவிர. கண்மாய்க் குறிப்பில் அளபெடைக்கு என்ன வேலை? அதனால் சொல்லின் நடுவிலோ கடைசியிலோ தனி உயிர் நின்றால் அது உயிர் இல்லை, எண் அல்லது நிறுத்தக்குறி. கடைசியில் 'ஈ' நின்றால் முற்றுப்புள்ளி, 'ஆ' நின்றால் காற்புள்ளி. 'ஃ' முதலில் நிற்காது, நின்றால் அது 7. மொழிமுதல் விதிகளை அப்படியே பூஜ்யம்-ஒன்று அணியாக எழுதி, சொல் எல்லைகளோடு பெருக்கி, கிடைத்ததை மேல் வரிசையில் வைத்தேன். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தபோது இதெல்லாம் எதுக்கு என்று மாமாவிடமே கேட்டிருக்கிறேன்.

நான் ஏமாந்த ஒரு இடத்தையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு மூன்று மெயில்களில் "துவுல கால்வாய்" என்று வந்தது. "துவுல மடை" என்றும். ரெண்டு நாள் இதைத் தேடினேன். துவலை என்றால் நீர்த்துளி, அதிலிருந்து வந்த பாசனச் சொல்லோ என்று ஒரு கொள்கையே கட்டிவிட்டேன். மேலூர்ப் பக்கம் ஒரு பெரியவரிடம் போனில் கேட்டேன். "துவுலயா? எங்க பக்கம் அப்படிச் சொல்றதில்ல தம்பி. நெட்டுல போட்டிருக்கானா?" என்றார். மூன்றாம் நாள் காலையில் பல் தேய்க்கும்போது புரிந்தது. து 208, வு 215, ல 196. மேல் பிட்டை எடுத்தால் 80, 87, 68. பி, டபிள்யூ, டி. மாமா பொதுப்பணித்துறைக் கால்வாயைத்தான் ஆங்கிலத்தில் மூன்று எழுத்தில் எழுதியிருக்கிறார். அதற்கு நான் வேர்ச்சொல் தேடியிருக்கிறேன்.

விதி தெரியாமல் வாசித்தால் சரியான எழுத்தும் தப்பான சொல்லைக் கொடுக்கும். இது எனக்கு மட்டும் நடந்ததல்ல, நம்ம பக்கத்து மலையிலேயே நடந்திருக்கிறது. மதுரையிலிருந்து மேலூர் ரோட்டில் போய்ப் பிரிந்தால் மாங்குளம். அதை ஒட்டிய ஓவாமலைக் குகைகளில், பாண்டியன் நெடுஞ்செழியன் பெயரோடு, கணி நந்தன் என்ற சமண முனிவருக்குப் பள்ளி அமைத்துக் கொடுத்ததைச் சொல்லும் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகள் இருக்கின்றன. கி.மு. இரண்டாம் நூற்றாண்டு என்பது ஐராவதம் மகாதேவனின் கணிப்பு. ராபர்ட் சீவெல் 1882-லேயே அவற்றைப் பார்த்துக் குறித்திருக்கிறார். ஆனால் படிக்க முடியவில்லை. எழுத்து பிராமி, அசோகன் கல்வெட்டுகளால் நன்றாகவே தெரிந்த எழுத்து. அசோகன் விதிப்படி படித்தால் மொழி எதுவென்றே தெரியாத குழப்பம். இவை தமிழ்தான் என்று கே. வி. சுப்பிரமணிய ஐயர் 1924-இல் காட்டினார். விதியை முழுசாகப் பிரித்து வைத்தவர் மகாதேவன்.

வடக்கே பிராமியில் வெறும் எழுத்து என்றால் அகரம் ஏறிய உயிர்மெய். ஆ வேண்டுமானால் பக்கத்தில் ஒரு கோடு. மாங்குளம் போன்ற பழைய தமிழ்க் கல்வெட்டுகளில் வெறும் எழுத்து வெறும் மெய். அகரம் வேண்டுமானாலும் கோடு, ஆகாரம் வேண்டுமானாலும் அதே கோடு. மகன் என்ற சொல்லை இந்த முறையில் எழுதி, வடக்கு விதியில் வாசித்தால் "மாகான" என்று வரும். அகரமா ஆகாரமா என்பதை இடம் பார்த்து வாசகரே முடிவு செய்ய வேண்டும். கொஞ்ச காலம் கழித்து இன்னொரு முறை வந்தது. அதில் கோடு ஆகாரத்துக்கு மட்டும், வெறும் எழுத்து மெய்யாகவும் இருக்கலாம், அகரம் ஏறியும் இருக்கலாம். குழப்பம் இடம் மாறியது, அவ்வளவுதான். அதைத் தீர்க்கத்தான் புள்ளி வந்தது. இருந்தால் மெய், இல்லாவிட்டால் உயிர்மெய். இரண்டே நிலை. எனக்கு அது ஒரு பிட்டாகத்தான் தெரிகிறது.

அந்தப் பிட்டையும் நாம் பல நூற்றாண்டு தொலைத்தோம். ஓலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று எழுதுபவர்கள் விட்டுவிட்டார்கள். எகரமா ஏகாரமா, ஒகரமா ஓகாரமா என்பதும் ஓலையில் தெரியாது, காலும் ரகரமும் ஒரே மாதிரி இருக்கும். உ. வே. சாமிநாதையர் தலைமுறை பதிப்பாசிரியர்கள் யாப்பையும் இலக்கணத்தையும் கொண்டு தொலைந்ததை மீட்டார்கள். எதுகை இடித்தால் பாடம் தப்பு. நான் மேல் வரிசையை மீட்டதும் கிட்டத்தட்ட அதே வேலைதான், அவர்கள் கையால் செய்தார்கள், ஆயிரம் மடங்கு கஷ்டப்பட்டு. நடுவில் மதுரை மிஷனில் இருந்த வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டில் ஏகாரத்துக்குக் காலையும் இரட்டைக் கொம்பையும் கொடுத்து நெடிலைத் தனியாகக் காட்டினார். நாம் இன்றைக்கு எழுதுவது அது.

இந்தப் பழைய கேள்வி, அடிப்படை எது, மெய்யா அகர உயிர்மெய்யா என்பது, கணினியிலும் வந்து உட்கார்ந்தது. 1991-இல் வெளியான யூனிகோட், இந்திய மொழிகளுக்கான இஸ்கி குறியேற்றத்தை அடியொற்றித் தமிழுக்கு 128 இடம் கொடுத்தது. 2944 முதல் 3071 வரை. இஸ்கி தேவநாகரியின் சட்டத்தில் எல்லா மொழிகளையும் உட்கார வைத்தது. அதனால் க 2965, ங 2969. நடுவில் மூன்று காலி நாற்காலி, நம்மிடம் இல்லாத மூன்று ககரங்களுக்கு. அங்கே 'க' ஒரு குறி. 'க்' என்பது 'க'வும் புள்ளியும், இரண்டு குறி. மதுரை என்ற மூன்றெழுத்துச் சொல் ஐந்து குறியாகி, பதினைந்து பைட் பிடிக்கும்.

இதை எதிர்த்து எழுந்தது டேஸ் 16. ஒவ்வொரு எழுத்துக்கும் பதினாறு பிட்டில் ஒரு தனி எண். 16 நெடுவரிசைக் கட்டம். ஒவ்வொரு மெய்க்கும் ஒரு வரிசை, பூஜ்ய இடத்தில் புள்ளி வைத்த மெய், 1 முதல் 12 வரை உயிர்மெய்கள். க் 57872, கோ 57883. கீழ் நான்கு பிட்டை மட்டும் எடுத்தால் 11, பதினோராவது உயிர் ஓ. அதை நீக்கினால் மிச்சம் க். புணர்ச்சி என்பது கூட்டல் ஆகிவிடுகிறது. அதாவது மெய்தான் அடிப்படை, உயிர் வந்து ஏறும். மாங்குளத்துக்காரர்களுக்கு இது உடனே புரிந்திருக்கும். 2010 ஜூனில் கோவை செம்மொழி மாநாட்டின்போது தமிழ்நாடு அரசு யூனிகோடையும் அதற்கு மாற்றாக டேஸ் 16-ஐயும் தரமாக ஏற்றது. ஆனால் யூனிகோட் சேர்த்தியம் ஒருமுறை கொடுத்த இடத்தை மாற்றுவதில்லை. டேஸ் அவரவர் தனிப் பயன்பாட்டுக்கு ஒதுக்கிய பகுதியில்தான் இருக்கிறது.

இந்தச் சண்டையில் நான் இரண்டு பக்கமும் நின்றிருக்கிறேன். டேஸ் ஆட்கள் எழுத்தின் அமைப்பைச் சரியாகப் பார்த்தார்கள். ஆனால் மாமாவின் மெயிலுக்கு நடந்ததைப் பார்த்த பிறகு, உலகத்தில் எல்லா இயந்திரமும் ஒப்புக்கொண்ட கோணலான முறை, நாம் மட்டும் ஒப்புக்கொண்ட அழகான முறையைவிட மேல் என்றுதான் தோன்றுகிறது. அழகானதைக் கருவிக்கு உள்ளே வைத்துக்கொள்ளலாம், யார் தடுத்தது?

நான் அப்படித்தான் செய்தேன். 18 மெய், ஒவ்வொன்றுக்கும் புள்ளியும் 12 உயிரும், ஆக 13. மேலே பன்னிரண்டு உயிருக்கு ஒரு வரிசை. அதில் முதல் கட்டம் காலியாக இருக்கிறது, அதில் ஆய்தத்தை வைத்தால் 19 வரிசை, 13 நெடுவரிசை. பெருக்கிப் பாருங்கள், 247. ஒரு கட்டம்கூட மிச்சமில்லை. வெறும் மெய்கள் புள்ளியோடு நிற்கும் நெடுவரிசையின் உச்சியில் மூன்று புள்ளியோடு ஆய்தம். திஸ்கியிலிருந்து இந்தக் கட்டத்துக்கு, இந்தக் கட்டத்திலிருந்து யூனிகோடுக்கு. கொம்பை முன்னிருந்து பின்னுக்கு நகர்த்தும் வேலையும் இங்கேயே முடிந்துவிடும். தமிழ் எழுத்தைப் பூஜ்யம்-ஒன்று அணியாகப் பார்ப்பது புதிதும் இல்லை. தாம்பரம் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் அவருடன் இருந்தவர்களும் 1978-லேயே அச்சுத் தமிழ் எழுத்துகளை அப்படி அணியாக்கிக் கணினியை வாசிக்க வைத்திருக்கிறார்கள். அவர்கள் எடுத்தது எழுத்தின் உருவம், நான் எடுத்தது எண்.

மீட்க முடியாததும் உண்டு. ஜ, ஷ, ஸ, ஹ திஸ்கியில் 128-க்கும் 160-க்கும் நடுவில் இருப்பவை. மேல் பிட் போனால் கட்டுப்பாட்டுக் குறிகளாகிவிடும், அவற்றை மெயில் நிரல் அப்படியே வழித்துப் போட்டுவிட்டது. "ராஜா மடை" என்று இருந்திருக்க வேண்டிய இடத்தில் "ராா மடை" என்று நிற்கிறது. இதை ஊகிக்கலாம். ஊகிக்க முடியாதவை நாலைந்து இருக்கின்றன, அவற்றில் கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறேன்.

கடைசியாக ஒரே ஒரு எண் பாக்கி. மாமா சர்வே எண்ணோடு விகுதியை ஒட்டி எழுதுவார், கோடு போடமாட்டார். "12ல் மடை" என்பது "எஏல் மடை" என்று வரும், இரண்டு உயிர் சேர்ந்து நிற்காது, எண் என்று தெரிந்துவிடும். ஆனால் 8 மட்டும் 'க'. "8ல் மடை" என்று எழுதினாலும் "கல் மடை" என்று எழுதினாலும் பிட் போன பிறகு இரண்டும் ஒன்றே. இலக்கணம் இரண்டையும் அனுமதிக்கிறது. இப்படி மூன்று இடம்.

போன தை மாசம் மைத்துனரைக் கூட்டிக்கொண்டு அந்த மூன்று கண்மாய்க்கும் போனேன். முதல் இடத்தில் மடையைச் சிமெண்டில் மாற்றிக் கட்டியிருக்கிறார்கள், ஆனால் உள்வாயில் பழைய மடைக்கல் தூண் இரண்டும் நிற்கின்றன. கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மா ஒருத்தர், கேட்பதற்கு முன்னாடியே "கல்லு மடைக்கா வந்தீங்க?" என்றார். அது முடிந்தது. இரண்டாவது இடத்தில் கிராம நிர்வாக அலுவலகத்தில் வரைபடம் பார்த்தோம், எட்டாம் எண் நிலம் கண்மாய்க் கரையை ஒட்டியே இருக்கிறது, மடையும் அதில்தான். அங்கே "8ல்" என்று போட்டேன்.

மூன்றாவது கண்மாயில் தண்ணி கரை தொட்டு நின்றது. மடை முங்கிக் கிடந்தது. மடையைத் திறந்துவிடுகிறவரின் மகன் திருப்பூரில் வேலை பார்க்கிறாராம், சித்திரைத் திருவிழாவுக்கு வருவார், அப்போ வாங்க, தண்ணியும் வத்தியிருக்கும் என்றார்கள்.